நாலு பக்கமும் அடுத்தவர் எல்லை

கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போகும் மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டிக் கொசஸ்தலையாற்றைக் கடந்த சிறிது நேரத்தில் மாவட்டம் மாறிவிடுகிறது. சென்னை முடிந்து திருவள்ளூர் தொடங்குகிறது. ரயிலில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அத்திப்பட்டு ஊராட்சியைச் சேர்ந்த செப்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் எது யாருடைய எல்லை என்பது அத்துப்படி. அவர்களுடைய ஓட்டு பொன்னேரித் தொகுதியில், வீட்டு வரி ஊராட்சியில். ஊரை ஒட்டிக் கிடக்கும் சாம்பல் குளம் மின்வாரியத்தினுடையது. பக்கத்து ஆறும் அதன் கரையும் நீர்வளத் துறையின் பொறுப்பு. சற்றுத் தள்ளி ஓடும் தண்டவாளம் தெற்கு ரயில்வேயுடையது. கிழக்கே போனால் காமராஜர் துறைமுகம், அது மத்திய அரசின் கையில். தங்கள் ஊருக்கு என்ன நேர்ந்தாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்ற ஒன்றுதான் அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

சாம்பல் குளம் என்றதும் ஏதோ ஒரு குட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். வடசென்னை அனல் மின் நிலையத்தில் எரிந்து தீரும் நிலக்கரியின் சாம்பல் தண்ணீரில் கரைக்கப்பட்டு, குழாய் வழியாக வந்து சேரும் இடம் அது. தண்ணீர் வடிய வடிய சாம்பல் அடியில் தங்கும். ஆண்டுக்கணக்கில் தங்கித் தங்கிப் பார்வை எட்டும் தூரம் வரை சாம்பல் நிறச் சமவெளியாகிவிட்டது. வெயில் காலத்தில் அதன் மேற்பரப்பு காய்ந்து பொடியாகிறது. காற்று கிளம்பினால் அந்தப் பொடி எழுந்து ஊருக்குள் வருகிறது. கொடியில் போட்ட துணியை உதறாமல் மடிக்க முடியாது. சோற்றுப் பானையையும் தண்ணீர்க் குடத்தையும் மூடாமல் வைக்க முடியாது. குளத்தில் நீர் ஏறினால் கசிவு வீட்டுத் தரையை எட்டுகிறது. எங்களை வேறு இடத்துக்காவது மாற்றுங்கள் என்று இந்த ஊர் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

செப்பாக்கம் தனியொரு ஊரின் பிரச்சினை அல்ல. வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பகுதி முழுவதும் இப்படிப்பட்ட திட்டு ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. காட்டுப்பள்ளி ஊரைச் சுற்றித் துறைமுகங்கள், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. மணலியின் ஓரத்தில் சடையங்குப்பம், பர்மா நகர், இருளர் காலனி; பூண்டி நீர்த்தேக்கத்தில் நீர் திறந்தால் இங்கே படகு ஓட்ட வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தின் தென்கரையில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படை குப்பம் போன்ற மீனவக் குடியிருப்புகள். இவர்கள் குடியிருப்பது சென்னை மாநகராட்சியில், வலை வீசுவதோ பெரும்பாலும் திருவள்ளூர் மாவட்டத்துத் தண்ணீரில்.

இந்த ஊர்களுக்கு அதிகாரிகள் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. அளவுக்கு மீறி இருக்கிறார்கள். ஒவ்வொருவருடைய பொறுப்பும் அவரவர் காம்பவுண்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது. ஊரோ சுவருக்கு வெளியே இருக்கிறது. இதற்குத் தீர்வாக இன்னோர் அதிகாரியையோ இன்னோர் எல்லைக்கோட்டையோ கேட்பதில் பயனில்லை. இருக்கிற எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆளுக்கு இவ்வளவு என்று பொறுப்பைப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த மேசைக்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை நினைவூட்ட விரும்புகிறது.

எல்லைகள் வந்த கதை

சென்னையே ஒரு திட்டாகத்தான் பிறந்தது. 1639-இல் தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தது கடற்கரையோரமாக ஒரு சிறு துண்டு மணல். சுற்றிலும் அடுத்தவர் ஆட்சி. பிறகு ஊர் ஊராகக் கேட்டு வாங்கிக் கம்பெனி தன் எல்லையை நீட்டிக்கொண்டது. 1708-இல் நவாப் தாவூத் கானிடமிருந்து ஐந்து கிராமங்கள் கிடைத்தன: திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். இவற்றில் முதல் மூன்றும் இன்று நாம் பேசுகிற இந்தத் தொழிற்பகுதியில் இருக்கின்றன. அதாவது, வடசென்னை ஊர்களின் தலையெழுத்தை வேறெங்கோ உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டு எழுதும் வழக்கத்துக்கு 300 வயது தாண்டிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு கோடு போடும் கை மாறியது, வழக்கம் மாறவில்லை. 1970-களில் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது. 1990-களில் ஆற்றுக்கு வடக்கே வடசென்னை அனல் மின் நிலையம். அதற்கு நிலக்கரி இறக்குவதற்கென்றே எண்ணூர்த் துறைமுகம் கட்டப்பட்டு 2001-இல் திறக்கப்பட்டது. 2014-இல் அது காமராஜர் பெயரைப் பெற்றது. வல்லூரில் தேசிய அனல் மின் கழகமும் தமிழக மின்வாரியமும் சேர்ந்து 1,500 மெகாவாட் நிலையம் அமைத்தன. 2010-இல் காட்டுப்பள்ளியில் குடிநீராக்கும் ஆலை, அதைத் தொடர்ந்து கப்பல் கட்டும் தளமும் தனியார் துறைமுகமும். ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனி வேலி, தனி வாயில். வேலிகளுக்கு இடையே மிஞ்சியது ஊர்.

நிர்வாக எல்லைகளும் சேர்ந்து குழப்பின. 2011-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகளும் அக்கம்பக்கத்து ஊராட்சிகள் சிலவும் சென்னை மாநகராட்சியில் சேர்க்கப்பட்டன. ஆனால் வருவாய் மாவட்டம் மாறியது 2018-இல்தான். இடைப்பட்ட ஏழாண்டு காலம் திருவொற்றியூர்க்காரர் சொத்து வரியை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்குக் கட்டிவிட்டு, பட்டாவுக்குத் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு பஸ் ஏறினார். அந்தக் கோடு சரியானபோது, ஆற்றுக்கு வடக்கே இன்னொரு கோடு அப்படியே நின்றுவிட்டது. எண்ணூர் மீனவர் வடசென்னை நாடாளுமன்றத் தொகுதி. எதிர்க்கரையில் நின்று அதே இறாலைப் பிடிப்பவர் திருவள்ளூர் தொகுதி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஆறே இரண்டுபட்டுக் கிடக்கிறது.

கை மாறிய பந்து

எல்லை என்பது அமைதிக் காலத்தில் வெறும் அலுவலகத் தொல்லை. ஆபத்துக் காலத்தில் அதுவே உயிரோடு விளையாடுகிறது. அண்மை ஆண்டுகளில் மூன்று முறை இதைக் கண்கூடாகப் பார்த்தோம்.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிய கசிவு ஒன்றும் இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. சில நாட்களில் எர்ணாவூர் கரையில் கட்டி எண்ணெய் ஒதுங்கியது. துறைமுகம், கடலோரக் காவல் படை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று பல பேர் இருந்தும், கடைசியில் பாறைகளுக்கு இடையே இறங்கி வாளியால் எண்ணெயை அள்ளியது நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களும் மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும்தான். நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலி வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் கறுப்புக் கோடு. எண்ணெய் எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு என்ற விவாதம் நாட்கணக்கில் நடந்தது. மணலியில் உள்ள சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை தன் குழாயில் கசிவில்லை என்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த வளாகத்தையே சுட்டியது. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் நின்றது. விவாதம் நடந்த நாட்களிலும் எண்ணெய் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. மீனவர்கள் தங்கள் படகிலேயே போய், கையுறைகூடச் சரியாக இல்லாமல், மக்கில் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள்.

அந்தப் பிசுக்கு கழுவி முடியும் முன்பே டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி விழித்த மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எந்தப் பக்கம் ஓடுவது, காற்று எந்தத் திசை, முகத்தில் எதைப் பொத்திக்கொள்வது என்று அன்றைக்கு முன்பு எத்தனை வீட்டுக்கு யார் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்? குழாய் போட அனுமதி கொடுத்த அலுவலகங்களைப் பட்டியலிடலாம். குழாய்க்கு மேலே குடியிருக்கும் பாட்டிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டிய அலுவலகம் எது என்று கேட்டால்தான் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

மூன்று நிகழ்விலும் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது நீதிமன்றத்தின், தீர்ப்பாயத்தின் வேலை. அது நடக்கட்டும். சாம்பல் கழிவு தொடர்பாக எண்ணூர் மீனவர்கள் தொடுத்த வழக்குகள் மின்வாரியத்தைப் பதில் சொல்ல வைத்ததை நாம் அறிவோம். ஆனால் தீர்ப்பு என்பது நடந்த பிறகு வருவது. நடக்கும் முன்னும், நடக்கும்போதும் யார் என்ன செய்ய வேண்டும் என்பது நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

மற்றவர்கள் எப்படித் தீர்த்தார்கள்

அடுத்தவர் எல்லைக்குள் சிக்கிய ஊர்கள் உலகுக்குப் புதிதல்ல. நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் மேற்கு வங்கத்தின் கூச் பெஹார் எல்லையில் இருந்த சித்மஹால்கள். வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 திட்டுகள். இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51 திட்டுகள். 50,000-க்கும் மேற்பட்ட மக்கள். பள்ளிக்கூடம் இல்லை, போலீஸ் இல்லை, மின்சாரம் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பக்கத்து ஊர்க்காரர் பெயரைத் தகப்பன் பெயராகக் கொடுத்தவர்கள் உண்டு. இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் 1974-இல் ஒப்பந்தம் போட்டார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2015 ஜூலை 31 நள்ளிரவில். கோடு திருத்தி நியாயம் செய்வது என்று உட்கார்ந்தால் 41 ஆண்டுகள் ஆகலாம் என்பதற்கு அதுவே சாட்சி. செப்பாக்கத்தில் இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அவ்வளவு காலம் இல்லை.

பெல்ஜியமும் நெதர்லாந்தும் வேறு வழி பார்த்தன. பார்லே என்ற சிறு நகரில் நெதர்லாந்து மண்ணுக்குள் பெல்ஜியத்தின் 22 துண்டு நிலங்கள் இருக்கின்றன. அந்தத் துண்டுகள் சிலவற்றுக்குள்ளே நெதர்லாந்தின் துண்டுகள். எல்லைக்கோடு சில வீடுகளின் நடுவே ஓடுகிறது. வாசற்கதவு எந்த நாட்டில் திறக்கிறதோ அந்த நாட்டு வீடு என்று எளிய விதி வைத்துக்கொண்டார்கள். எல்லையை மாற்றவில்லை. இரண்டு நகராட்சிகளும் பொது விஷயங்களைப் பேசி முடிக்க ஒரு கூட்டு அமைப்பை வைத்துக்கொண்டு பிழைப்பைப் பார்க்கின்றன.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பழவேற்காட்டு ஏரியில் மீனவர்களின் பாடு முறை தலைமுறைகளாக நடக்கிறது. ஏரி யாருக்கும் பட்டா நிலம் இல்லை. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை ஊர்க் கூட்டம் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். முறை தவறினால் ஊர் கேட்கும். தண்ணீரில் கோடு போட முடியாது என்று தெரிந்தவர்கள், கோட்டுக்குப் பதிலாக முறையை வைத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டிலும் குறை உண்டு. வலை கட்டும் உரிமை சில ஊர்களுக்கும் அவற்றின் ஆண்களுக்கும்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் எடுக்கும் இருளர் பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் பாய் விரிக்கப்படவில்லை. நாம் போடப்போகும் மேசைக்கு இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முறை எழுதி வைக்கப்பட வேண்டும்; யாரும் விடுபடக் கூடாது.

சட்டத்தில் இருக்கும் மேசை

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு நாடு சில விதிகளை எழுதியது. அவற்றில் ஒன்று 1996-ஆம் ஆண்டின் இரசாயன விபத்துகள் விதிகள். மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, ஒவ்வொரு தொழிற்பகுதிக்கும் ஒன்று என நெருக்கடிக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்கிறது அது. மாவட்டக் குழு 45 நாளுக்கு ஒரு முறை கூட வேண்டும். உள்ளூர்க் குழு மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். அந்த உள்ளூர்க் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்ற பட்டியலைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். வருவாய் அதிகாரி, தொழிற்சாலை ஆய்வாளர், ஆலைப் பிரதிநிதிகள், தீயணைப்பு அலுவலர், காவல் நிலைய அதிகாரி, மருத்துவர்கள், உள்ளூர்ப் பத்திரிகையாளர், தொண்டு நிறுவனத்தவர், இவர்களோடு ஊர்த் தலைவர். அதாவது நாம் கேட்கும் மேசையை மத்திய அரசு கிட்டத்தட்ட 30 ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவிட்டது. நாற்காலிகள்தான் நிரம்பவில்லை. இந்தக் குழுவின் பெயரைக் கேட்டதுண்டா என்று எண்ணூரில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

இந்தக் குழுவை உயிர்ப்பிப்பதே முதல் வேலை. கூடவே மூன்று மாற்றங்கள் தேவை.

முதலாவது, குழுவின் எல்லை மாவட்ட எல்லையாக இருக்கக் கூடாது. ஆற்றின் எல்லையாக இருக்க வேண்டும். மணலியில் கொட்டியது காட்டுக்குப்பத்துக்கு வருகிறது, வடகரையில் ஒழுகுவது தென்கரை வலையில் சிக்குகிறது. சென்னை, திருவள்ளூர் ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து நடத்தும் ஒரே குழு, மணலி முதல் காட்டுப்பள்ளி வரைக்கும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தலைமைச் செயலகத்திலிருந்து ஓர் ஆணை போதும்.

இரண்டாவது, குழு விபத்தை மட்டும் பார்க்காமல் அன்றாடத்தையும் பார்க்க வேண்டும். சாம்பல் பறப்பதும் ஒரு விபத்துதான், மெதுவாக நடக்கிற விபத்து. கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் மறித்து நிற்பதால் ஆம்புலன்ஸ் திணறுவதும் அப்படியே. முகத்துவாரம் தூர்ந்துபோய் வெள்ளம் வடியாமல் நிற்பதும் அப்படியே.

மூன்றாவது, கூட்டம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கக் கூடாது. ஒரு மாதம் செப்பாக்கத்தில், அடுத்த மாதம் சடையங்குப்பத்தில், அதற்கடுத்து காட்டுப்பள்ளியில். என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்று விவரமும் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். அடுத்த கூட்டம் அந்தத் தாளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆளுக்கொரு பங்கு

ஆலைகளின் பங்கு என்ன? கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், அதிலும் தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். இங்குள்ள பெரிய நிறுவனங்கள் அதைச் செய்யாமல் இல்லை. ஓரிடத்தில் பெஞ்சு, ஓரிடத்தில் தையல் இயந்திரம், ஓரிடத்தில் கண் பரிசோதனை முகாம் என்று ஆளுக்கொரு பக்கம் பேனர் கட்டிச் செய்கிறார்கள். பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே திட்டத்தை எடுத்துச் செய்ய விதிகளே இடம் தருகின்றன. பத்துப் பேனருக்குப் பதில் ஒரு நல்ல மருத்துவமனை, ஊருக்கு ஊர் காற்றளக்கும் கருவி, அபாயச் சங்கு, ஆண்டுக்கு இரண்டு முறை ஒத்திகை. இதைக் கேட்பது தர்மம் கேட்பது ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் செய்ய வேண்டிய மரியாதை இது.

மின்வாரியத்தின் பங்கு தெளிவானது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 டிசம்பர் 31-இல் வெளியிட்ட அறிவிக்கை, ஆண்டுதோறும் வரும் சாம்பலை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. குளங்களில் தேங்கிய பழைய சாம்பலையும் பத்தாண்டுக்குள் அகற்றச் சொல்கிறது. அந்தக் கால அட்டவணையில் எந்தப் பகுதியை முதலில் அள்ளுவது என்பதை நிலையத்தின் வசதி பார்த்து முடிவு செய்யாமல், செப்பாக்கத்தை ஒட்டிய பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை காற்றடிக்கும் மாதங்களில் தண்ணீர் தெளித்தோ மண் மூடியோ சாம்பலை அடக்கி வைக்க வேண்டும். அள்ளிப் போகும் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவது முதல் பாடம்.

இடம் மாறுவது பற்றி ஒரு வார்த்தை. மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் காட்டுப்பள்ளிக் குப்பத்தைக் கேட்கட்டும். கப்பல் கட்டும் தளத்துக்காக இடம் பெயர்ந்த அந்த மக்கள், வாக்களித்த நிரந்தர வேலைக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டி வந்தது. வீடு கிடைப்பதும் பிழைப்பு கிடைப்பதும் வேறு வேறு. ஊர் போக விரும்பினால் எங்கே, எப்போது, என்ன வேலையோடு என்பதை ஊரே மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021-இலும் 2023-இலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். மாதா மாதம் பேசிப் பழகாத ஊரையும் ஆலையையும் ஒரே ஒரு நாள் பந்தலில் உட்கார வைத்தால் கூச்சல்தான் மிஞ்சும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

ஊர்களுக்கும் பங்கு உண்டு. மீனவர் பஞ்சாயத்தும் கிராம சபையும் தங்கள் பிரதிநிதிகளாகப் பெண்களையும் இருளர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நிவாரணப் பட்டியல் போடும்போது தென்கரை, வடகரை என்று ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றால், பொறுப்பைத் தட்டிக்கழிக்க நினைப்பவருக்குத்தான் வசதி. கால்வாயில் நம் வீட்டுக் குப்பையைக் கொட்டிவிட்டு ஆலைக் கழிவைப் பற்றிப் பேசுவதும் நம் பேச்சின் பலத்தைக் குறைக்கும். ஊர் இளைஞர்கள் பலர் இன்று கைப்பேசியில் படம் எடுத்து, தேதி குறித்து, கசிவுகளைப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவேடு குழுவின் அதிகாரபூர்வ ஆவணமாக ஏற்கப்பட வேண்டும்.

மீதமுள்ள பெரிய பங்கு, இந்த ஊர்களை ஒரு முறைகூடப் பார்த்திராத சென்னைக்காரருடையது. வடசென்னை நிலையத்தின் மூன்று கட்டங்களையும் வல்லூரையும் கூட்டினால் 4,000 மெகாவாட்டுக்கு மேல் வருகிறது. காட்டுப்பள்ளி ஆலை கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் கொண்டது. வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் மணலியிலிருந்து வருகிறது. நகரத்தின் தாகத்துக்காக மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்குழாய் போட்டு இறைத்து இறைத்து, 1960-களின் இறுதியிலிருந்தே அங்கே கடல்நீர் நிலத்தடியில் ஏறிவிட்டது. அண்ணா நகரில் ஓடும் ஏசிக்கும் செப்பாக்கத்தில் பறக்கும் சாம்பலுக்கும் நேரடி உறவு இருக்கிறது. கூவத்தின் நாற்றத்துக்குக் குரல் கொடுக்கும் நடுத்தர வர்க்கம், கொசஸ்தலையாற்றுக்கும் கொடுக்க வேண்டும். கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்கும் கேள்விகளில் அது ஒரு கேள்வியாக வேண்டும்.

மறுபடியும் ஒரு கமிட்டியா என்று சலிப்பவர்கள் இருப்பார்கள். நியாயமான சலிப்பு. எண்ணூர் பார்க்காத கமிட்டி இல்லை. அவை பெரும்பாலும் விபத்துக்குப் பின் வந்து, பார்த்து, அறிக்கை எழுதிப் போய்விட்டவை. இது நிரந்தரமாக இருக்க வேண்டிய குழு, சட்டம் கட்டாயமாக்கிய குழு, மாதா மாதம் பதில் சொல்ல வேண்டிய குழு. வித்தியாசம் அதில்தான். கூட்டத்துக்கு வராத துறையின் பெயரையும் பலகையில் எழுதிப் போட்டால் மூன்றாவது மாதம் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். பூண்டி மதகு திறந்தால் தண்ணீர் மாவட்ட எல்லை பார்த்து வராது. அதற்கு முன்பாக இரண்டு ஆட்சியர்களும் சேர்ந்து கையெழுத்திட்டு முதல் கூட்டத்தை அழைக்க வேண்டும். இடம் அத்திப்பட்டு ஊராட்சி. முகத்துவாரம் தூர்வாருதல், சாம்பல் குளக் கரையின் பாதுகாப்பு, அபாயச் சங்கும் ஒத்திகையும், செப்பாக்கத்தின் இடமாற்றம் ஆகிய நான்கும் நிகழ்ச்சி நிரல். துறைமுகங்கள், ஆலைகள், மின்வாரியம், மாநகராட்சி, ஊராட்சிகள், குப்பங்கள் அனைத்துக்கும் அழைப்பு போகட்டும். எவர் பொறுப்பு எது என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.